அடுத்த ஞாயிறுக்கு உதவாத ஒரு திங்கட்கிழமை

கேள்வி: எனக்கு 47 வயது. குருப்பட்டம் பெற்று 19 வருடங்கள் ஆகின்றன. இப்போது இருக்கும் சேகரத்தில், அதாவது ஒரே போதகரின் பொறுப்பில் உள்ள தொகுதியில், 9 சபைகள். ஊழியத்தில் நான் சோம்பியிருந்ததில்லை. ஆனால் ஒரு வருடமாக உள்ளே ஏதோ வற்றிவிட்டது. ஜெபிக்க முழங்காலில் நின்றால் வார்த்தை வருகிறது, நான் வருவதில்லை. போன மாதம் திருவிருந்தில் ஒரு பாட்டி அழுதுகொண்டே அப்பத்தை வாங்கினார்கள். நானோ இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். புதிய ஆலயக் கட்டடக் கணக்கில் என்மேல் கமிட்டியில் ஒருவர் சந்தேகம் கிளப்பி, அது சபை முழுக்கப் பரவிவிட்டது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பைக்கில் போகும்போது எதிரே வரும் லாரியைப் பார்த்து, இப்படியே முடிந்தால் நல்லது என்று சிலமுறை நினைத்திருக்கிறேன். மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. நண்பரான ஒரு போதகர் 21 நாள் உபவாசம் இருக்கச் சொல்கிறார். ஊருக்கெல்லாம் இளைப்பாறுதலைப் பிரசங்கிக்கிற எனக்கு அது எங்கே கிடைக்கும்? ஊழியத்தை விட்டு விலகிவிடலாமா? (பெயரும் ஊரும் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள ஐயா,

போகிறபோக்கில் எழுதியதுபோல் லாரியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த நினைப்பு பாவம் என்று நான் சொல்லப்போவதில்லை. வேதத்தில் மோசே, எலியா, யோனா மூவரும் சாவை ஆண்டவரிடமே வாய்விட்டுக் கேட்டவர்கள். ஆனால் அதை யாரிடமும் சொல்லாமல் உள்ளே வைத்துக்கொண்டு தினமும் பைக் ஓட்டுவது ஆபத்து. இரவு மூன்று மணி விழிப்பு, எதிலும் ஒட்டாத மனம், செத்தால் தேவலை என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்து வந்தால் ஆலோசனை சொல்கிற நாங்கள் அதை வெறும் களைப்பு என்று விட்டுவிடுவதில்லை. மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்றுதான் பார்ப்போம். இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். சபையார் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று கூச்சமாக இருந்தால் பக்கத்து மாவட்டத்துக்குப் போங்கள், தப்பில்லை. நடு இரவில் அந்த நினைப்பு வலுத்தால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

மருத்துவர் தைராய்டு, சர்க்கரை, பி12 எல்லாம் பார்க்கச் சொல்லலாம். பாருங்கள். ஆவிக்குரிய வறட்சி என்று வந்த ஒருவருக்குத் தைராய்டு என்று தெரிந்ததும் உண்டு. மாத்திரை எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். தெளிந்துவிட்டது என்று நீங்களாகவே நிறுத்திவிடவும் கூடாது. மாத்திரை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், தன் இளைய உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் என்ன எழுதினார் என்று கேளுங்கள். கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள் என்றுதான் எழுதினார்.

அடுத்தது, வீட்டில் மனைவியிடம் சொல்லுங்கள். இன்றைக்கே. அவர்களுக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் குருமனையில், போதகர் குடியிருக்கும் வீட்டில், பிறந்து வளர்ந்தவள். அப்பா சைக்கிளில் சபைகளுக்குப் போய்வருவார்கள். திரும்பி வந்து ஸ்டாண்டைக் காலால் தட்டும் சத்தத்தை வைத்தே அடுப்படியிலிருந்து அம்மா சொல்லிவிடுவார்கள், "இன்னைக்குக் கமிட்டில சண்ட" என்று. அப்பா உள்ளே வந்து "ஒண்ணுமில்ல" என்பார்கள். அம்மாவும் ஒன்றும் கேட்காமல் காப்பியைக் கொண்டுபோய் வைப்பார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லியே இருவரும் முப்பது வருடம் ஓட்டினார்கள். அந்த முப்பது வருடத்தில் ஒரு காலம், திங்கட்கிழமை மத்தியானம் ஆனால் அப்பா ஆலயத்தில் அங்கி மாற்றும் அறையான வெஸ்திரிக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்வார்கள். சபைக்காகப் போராடி ஜெபிக்கிறார்கள் என்று நாங்கள் பிள்ளைகள் வெளியே சத்தம் போடாமல் விளையாடுவோம். எண்பது வயதில், ஓய்வுபெற்று இரண்டு பல்லோடு உட்கார்ந்திருந்தபோது ஒருநாள் கேட்டேன். "ஜெபமாவது ஒண்ணாவது. அங்கிய மடிச்சுத் தலைக்கு வச்சுத் தூங்குவேன்மா. வீட்ல தூங்கினா யாராவது வந்துட்டா என்ன நினைப்பாங்க?" என்றார்கள். சொல்லும்போதுகூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தத் தாழ்ப்பாள்தான் நினைவுக்கு வந்தது.

21 நாள் உபவாசம் வேண்டாம். நல்ல மனதோடு சொல்லியிருப்பார், ஆனால் இது அதற்கான நேரமில்லை. எலியாவைப் பற்றி நீங்கள் குறைந்தது பத்துப் பிரசங்கமாவது செய்திருப்பீர்கள், அதனால் உங்களுக்கு நான் பிரசங்கிக்கப் போவதில்லை. வரிசையை மட்டும் பாருங்கள். சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று படுத்தவனிடம் தேவதூதன் முதலில் சொன்னது, எழுந்து சாப்பிடு என்பதே. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. தின்றான், குடித்தான், திரும்பப் படுத்துக்கொண்டான். அதற்கும் கண்டிப்பு இல்லை. இரண்டாம் தரமும் தட்டி எழுப்பிச் சாப்பிடத்தான் சொல்லப்பட்டது. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, அதன்பிறகு நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பின்புதான் வருகிறது. நீங்கள் அந்தக் கேள்வியை முதல் நாளே, வெறும் வயிற்றில், உங்களிடமே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி நீங்கள் கேட்ட இளைப்பாறுதலுக்கு வருகிறேன். நம் மொழியில் இது நல்ல சொல். இளைப்பு ஆறுவதுதான் இளைப்பாறுதல். சூடு ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும், பசி ஆறும். இதில் எதையாவது நாம் முயன்று சீக்கிரமாகச் செய்துவிட முடிகிறதா? புண்ணைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் அது ஆறும். தினம் பிரித்துப் பார்த்தால் ஆறாது. ஆவிக்குரிய இளைப்பாறுதலையும் ஒரு வேலையாக எடுத்துச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று நாள் தியானக் கூட்டத்துக்குப் போவார்கள், நோட்டு நிறையக் குறிப்பெடுப்பார்கள், திரும்பிவந்து அதையே ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலச் செய்தியாக்குவார்கள். போனதைவிடக் களைத்துத்தான் வருவார்கள்.

உங்கள் நிலைமையின் வேர் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கடைசியாக எப்போது ஐயா, ஞாயிற்றுக்கிழமைக்கு உதவாத ஒன்றை வேதத்தில் வாசித்தீர்கள்? விடிகாலை வாசிப்பில் ஒரு வசனம் மனதைத் தொட்டால், தொட்ட கையோடு மூன்று குறிப்பாகப் பிரிந்துவிடுகிறது அல்லவா? பேருந்தில் பார்த்த காட்சி உவமையாகிவிடுகிறது. பிள்ளையின் மழலை முன்னுரையாகிவிடுகிறது. உங்கள் சொந்தக் கண்ணீர்கூட "சாட்சி" ஆகிவிடுகிறது. சமைக்கிறவர் நாள் முழுக்க ருசி பார்த்தே பசி செத்துப்போவதுபோல, ஒரு வாய்கூட உட்கார்ந்து சாப்பிடாமலே உங்களுக்குப் பசி செத்திருக்கிறது. திருவிருந்தில் ஆட்களை எண்ணினீர்களே, அதற்காக உங்களை நீங்கள் திட்டிக்கொள்ள வேண்டாம். பரிமாறுகிறவன் பந்தியை எண்ணத்தான் செய்வான். அவனுக்கும் ஒரு நாள் இலை போட வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் நான் கேட்பது பெரிய காரியமில்லை. வாரத்தில் ஒரு நாள், அடுத்த ஞாயிறுக்கு எந்த விதத்திலும் உதவாததாக இருக்கட்டும். நம் சபைகளில் ஐயர் என்று அழைக்கிற போதகர்களுக்குத் திங்கட்கிழமை ஓய்வு என்று ஒரு வழக்கம் ஏற்கனவே உண்டு, பெயரளவில். அதை நிஜமாக்குங்கள். முந்தின நாள் ராத்திரியே போனைச் சேகரச் செயலாளரிடமோ, போதகருக்குத் துணையாகச் சபையைக் கவனிக்கும் உபதேசியாரிடமோ கொடுத்துவிடுங்கள். சாவு என்றால் மட்டும் உங்களுக்குச் சொல்லட்டும். அடக்க ஆராதனைக்குக்கூடப் பக்கத்துச் சேகரத்து ஐயரோடு பேசிவைத்துக்கொள்ளலாம்: உங்கள் திங்களை அவர் பார்க்கட்டும், அவருடைய ஓய்வு நாளை நீங்கள் பாருங்கள்.

காலையில் தூங்குங்கள். தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்று 127ஆம் சங்கீதம் சொல்கிறது; அதைத் திருமண ஆராதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எழுந்தபின் வாசிக்கத் தோன்றினால் 131ஆம் சங்கீதம் போதும். மூன்றே வசனம். பால் மறந்த குழந்தை தாயின் மடியில் இருப்பதுபோல என்று ஒரு வரி வரும். பால் குடிக்கிற குழந்தைக்கு மடியில் ஒரு வேலை இருக்கிறது. பால் மறந்ததற்கு ஒன்றும் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. பார்த்தீர்களா, இதை வாசிக்கும்போதே உங்களுக்கு ஒரு தலைப்பு தோன்றியிருக்கும். எழுதிவைக்காதீர்கள். போகட்டும். ஒரு பிரசங்கம் வீணாய்ப் போனால் திருச்சபை விழுந்துவிடாது.

மாதத்தில் ஒரு முறை, உங்களை யாருக்கும் தெரியாத ஒரு ஊரில், ஒரு சாயங்கால ஆராதனையில் கடைசிப் பெஞ்சில் உட்காருங்கள். வெள்ளை அங்கி வேண்டாம், சாதாரணச் சட்டை. பிரசங்கம் சுமாராக இருந்தால் இன்னும் நல்லது, திருத்தம் போடாமல் கேட்கப் பழகலாம். ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் கிடக்கட்டும். சிறு வயதில் பாடமாகப் படித்த கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்தால் போதும். தோட்டம், மாடு, கோழி எதிலாவது கை வைக்க முடிந்தால் வையுங்கள். எங்கள் அப்பா கடைசிக் காலத்தில் முருங்கைக் கம்பு நட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு முன்னால் வாய்க்கவில்லையே என்று எனக்கு இன்றும் வருத்தம்.

மற்ற ஆறு நாளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 9 சபை. பிறந்தநாள் ஜெபம், புது பைக் ஜெபம், போர் போடுவதற்கு முன் ஒரு ஜெபம், தண்ணீர் வந்தபின் ஒரு ஜெபம். "ஐயா, சின்ன ஜெபந்தான், வந்துட்டுப் போயிருங்க." இந்தச் சின்ன ஜெபங்கள்தான் ஆளைத் தின்கிறவை. மோசேயிடம் மாமனார் எத்திரோ, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்றார். ஜனங்களும் என்று அவர் சேர்த்துச் சொன்னதை நாம் விட்டுவிடுகிறோம். எல்லாவற்றுக்கும் ஐயரே வரவேண்டும் என்று பழக்கிவிட்டால் சபையாரும் ஜெபிக்க மறந்துவிடுவார்கள். மூப்பர்கள் இருக்கிறார்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் நம்மைவிட நன்றாக ஜெபிப்பார்கள். டிசம்பர் வருகிறது. கேரல் பவனிக்கு 9 சபைக்கும் நடு இரவு வரை நீங்களே நடக்க வேண்டியதில்லை. வாலிபர்கள் போகட்டும். ஐயர் வரவில்லை என்று நாலு வீட்டில் கோபிப்பார்கள். கோபிக்கட்டும், பொங்கலுக்குள் ஆறிவிடும்.

கணக்கு விவகாரம் வேறு. களைப்பு வேறு, காயம் வேறு. தூங்கி எழுந்தால் களைப்பு போகும்; அவமானம் தூக்கத்தில் போகாது, கூடவே எழுந்திருக்கும். மூன்று மணிக்கு உங்களை எழுப்புவது அநேகமாக அதுதான். கட்டட ரசீதுகள் அனைத்தையும் எடுத்துச் சேகரத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆடிட்டரிடம் கொடுங்கள். அறிக்கையைக் கமிட்டியில் வாசிக்கச் சொல்லி, நிகழ்ச்சிக் குறிப்பில் பதிவு செய்யுங்கள். இனிமேல் பணம் உங்கள் கையில் புரளவே வேண்டாம். பவுலே தர்மப்பணத்தைத் தனியாகக் கொண்டுபோகாமல், யாரும் குற்றப்படுத்தாதபடிக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். சந்தேகம் கிளப்பியவரை மன்னிப்பதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். நிறையப் பேர் இந்தக் கட்டத்தில் அவசரமாக மன்னித்துவிட்டு, அப்புறம் வருடக் கணக்காக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

ஊழியன் என்றால் எரிந்து தீரவேண்டும் என்று நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். 1806-ல் கல்கத்தாவில் வந்திறங்கிய ஆங்கிலேய மிஷனெரி ஹென்றி மார்ட்டின், தேவனுக்காக எரிந்து தீர்ந்துபோகவேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதினார். 1812-ல் துருக்கியில் தோக்காத் என்ற ஊரில் 31 வயதில் இறந்தார். அந்தக் குறுகிய காலத்தில் புதிய ஏற்பாட்டை உருதுவிலும் பாரசீகத்திலும் தந்தவர், அவரைக் குறைசொல்ல நான் யார். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து எல்லாக் குருமாருக்கும் பாடமாக வைப்பது அநியாயம். இன்னொரு பக்கமாக, லண்டனின் புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜனையும் சொல்ல வேண்டும் இல்லையா? 1856 அக்டோபரில் லண்டனில் ஒரு பெரிய மண்டபத்தில் அவர் பிரசங்கித்தபோது யாரோ தீ என்று கத்த, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அவருக்கு அப்போது 22 வயது. அதன்பின் ஆயுசு முழுக்க மனச்சோர்வு அவரை விட்டுவிட்டு வாட்டியது. அதை அவர் ஒளிக்கவில்லை. தன் மாணவர்களுக்கு, ஊழியர்களுக்கு இது வரும், வெட்கப்படாதீர்கள் என்று வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார். குளிர்காலம் வந்தால் பிரான்சின் தென்கரையில் மென்டோனுக்குப் போய் ஓய்வெடுப்பார். 1892-ல் இறந்ததும் அங்கேதான்.

நமக்கு ஏது மென்டோன் என்பீர்கள். நியாயந்தான். நம் மாகாணத்திலும் மலை இருந்தது, யாருக்கு என்பதுதான் கேள்வி. மதுரையில் வேலைசெய்த அமெரிக்க மிஷனெரிகள் வெயிலும் நோயும் தாங்காமல் 1845-ல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அவர்களுடைய உபதேசிமார் கீழே சமவெளியிலேயே இருந்தார்கள். அந்தப் பழக்கம் நம் இரத்தத்தில் ஊறிவிட்டதோ என்று எனக்குச் சிலசமயம் தோன்றும்: ஓய்வு வெள்ளைக்காரருக்கு, வேலை நமக்கு. உங்களுக்கு மலை வேண்டாம், மைத்துனர் வீடு போதும். திருப்பத்தூரில் 1921-ல் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் மாதிரி அமைதியான இடங்களும் நம்மிடம் உண்டு. மருத்துவர் விடுப்பு எழுதிக்கொடுத்தால் கூசாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆள் வேண்டும் உங்களுக்கு. ஐயருக்கு ஐயர் கிடையாது, அதுதான் இந்தத் தொழிலின் பெரிய குறை. பேராயர் உங்களுக்கு மேய்ப்பர்தான். ஆனால் இடமாற்ற ஆணையில் கையெழுத்துப் போடுகிறவரும் அவரே. அவரிடம் விடுப்பைக் கேட்கலாம், நெஞ்சைத் திறக்க எல்லாராலும் முடியாது. ஓய்வுபெற்ற ஒரு குருவானவர், அல்லது செமினரியில் (இறையியல் கல்லூரியில்) கூடப் படித்து இப்போது வேறு பேராயரின் கீழ் வேறு திருமண்டலத்தில் இருக்கிற ஒருவர், உங்கள் அரசியலில் எந்தப் பக்கமும் சாராதவராகப் பார்த்து மாதம் ஒரு முறை போய் உட்காருங்கள். அவர் புத்தி சொல்ல ஆரம்பித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

விலகுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது முடிவெடுக்காதீர்கள். தூக்கமில்லாத மனது எல்லாக் கதவையும் மூடியதாகவே பார்க்கும். ஊழியத்தை விட்டு விலகுவது விசுவாசத்தை விட்டு விலகுவது அல்ல. விலகி நன்றாக வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் சிகிச்சை தொடங்கி, தூக்கம் திரும்பி, ஈஸ்டர் கழிந்து, அதன்பிறகு வீட்டம்மாவோடு உட்கார்ந்து பேசி எடுக்கவேண்டிய முடிவு அது. ராஜினாமா எழுதி வைத்திருந்தால் அவர்கள் கையில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

மருத்துவரைப் பார்த்தபின் எனக்கு எழுதுங்கள். ஜெபக் குறிப்பு எதுவும் வேண்டாம். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், மத்தியானம் வீட்டில் என்ன குழம்பு, சாப்பிட்டுவிட்டு எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும். கதவைத் தாழிட வேண்டாம்.